ஆறடித் தடுப்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்தை நீ எழுதினால்தான் நாங்கள் அறிவோம். நேரத்துக்குச் சாப்பிடு, ஓட்டல்களுக்கு வரைபடம் போடுகிறவன் பட்டினி கிடந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

நம் ஓட்டலுக்கு நீ வரைந்து அனுப்பியபடி வேலை முடிந்தது, ஏறக்குறைய. மேஜைக்கும் மேஜைக்கும் ஆறடி இடைவெளி, நடுவில் நான்கடித் தடுப்பு, உட்கார்ந்தால் பக்கத்து மேஜைக்காரருக்கு நம் மூக்கு மறைய வேண்டும் கண் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தாய். எண்களைத்தான் எறும்பு அளவுக்கு எழுதியிருந்தாய். ஆசாரி இடைவெளியை நான்கடியாக்கித் தடுப்பை ஆறடிக்கு நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, கொரோனான்னாலே ஆறடிதானேம்மா, ஊரெல்லாம் அதைத்தானே எழுதிப் போட்டாங்க என்றார். மேஜைகளை நானே தள்ளிப் போட்டுவிட்டேன், தடுப்பை என்ன செய்ய. கடை ஓட்டுச் சாவடி மாதிரி ஆகிவிட்டது. தினமும் மதியம் சேர்ந்து வரும் ஓய்வுபெற்ற தபால்காரரும் முடிதிருத்துபவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டார்கள்.

அறுத்துவிடச் சொல்லலாம் என்றிருந்த அன்றுதான் உன் அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். சித்தப்பா அந்த நோயில் போனதிலிருந்து அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது உனக்குத் தெரியும். கடைசியாக இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், தம்பிக்கு நோயைக் கொடுத்தது நான்தான் என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மேஜை மேஜையாகப் போய் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டே ஆட்களைத் திணறடித்த மனிதர் இரண்டு வருடமாக மாடியில் தட்டும் தானுமாக இருந்தார். எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று உனக்கு நான் எழுதியதில்லை. அன்று தடுப்பைச் சுற்றிப் பார்த்தார், வேலை சுத்தம் என்றார், மூலை மேஜையில் மறைந்து உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டார். ஒரேயடியாக அறுத்தால் மறுபடி மாடிக்கே போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது.

ஆசாரியைத் தனியாகக் கூப்பிட்டு, கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து தடுப்புகளில் நான்கு விரல் அளவு மட்டும் அறுக்க வேண்டும், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் வந்தார். மூன்றாவது வாரம் அப்பா ஆசாரி காதுபடவே, பச்சை மரம் போலிருக்கு, வத்திக்கிட்டே போகுது என்றார். ஆசாரிக்கு முகம் சுண்டிவிட்டது, காயாத மரத்தைப் போட்டார் என்பது இத்தனை வருடத் தொழிலில் அவர் வாங்கிய பெரிய வசவு. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு டீ கொடுத்தேன்.

எட்டாவது ஞாயிறு கடைசி அறுப்பு. அளக்கப் போன ஆசாரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூலைத் தடுப்பில் ஏற்கெனவே பென்சில் கோடு இருந்தது, சரியாக நான்கடியில், பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் இதோடு போதும் என்று. உன் வரைபடத்தைக் காணோம் என்று நான் வீடெல்லாம் தேடியிருந்தேன், அது அவர் தலையணைக்கு அடியில் இருந்தது. மறுநாள் மதியம் அதே மேஜையில் உட்கார்ந்தார். தடுப்புக்கு மேலே இவர் கண்ணும் தபால்காரர் கண்ணும் பார்த்துக்கொண்டன. அப்பா அவரிடம், இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லவா என்று கேட்டார். நான் கல்லாவில் உட்கார்ந்து அழுதேன். கேட்டவர்களிடம் வெங்காயம் என்றேன், கல்லாவில் ஏது வெங்காயம் என்று யாரும் கேட்கவில்லை.

நீ தொட்ட வேலையெல்லாம் துலங்கட்டும், உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். ஒன்றை மறக்காதே. இனிமேல் எண்களைப் பெரிதாக எழுது என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். வேண்டாம், பொடியாகவே எழுது.

இப்படிக்கு,
கல்லாவிலிருந்து உன் அம்மா