அரசமாதாவின் கைப்பேசிக்குப் பெயர் ஏறாமை குறித்து

மழை தவறாதிருக்க, மதில் சாயாதிருக்க, செங்கழனி நாட்டுக் களஞ்சியங்கள் என்றும் நிறைந்திருக்க. ஏழு மலைகளை வென்றவரும், பகைவர் முடிகளைப் படிக்கட்டாக்கி அரியணை ஏறியவரும், ஓலைக்கும் வைஃபைக்கும் தம் நாட்டில் ஒருசேர இடங்கொடுத்தவருமாகிய மன்னர் ஆதன் கொற்றனார் திருமுன்பு, அவரைப் பெற்ற அரசமாதா வேண்மாள் நங்கையார் சொல்லியருள, ஓலைநாயகர் நம்பன் தேவன் எழுதிய ஓலை. மன்னரும் பட்டத்தரசியாரும் மக்களும் நலமுடன் வாழ்க. அரசமாதாவின் நலம் எப்படி என்று எவரும் கேட்கவில்லையாயினும், அது கீழே கூறப்படும்.

மூன்று திங்களுக்கு முன், அரசவை கூடியிருந்த ஒரு பிற்பகலில், அரசமாதா மேலைமாளிகைக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு விண்டுபோயிற்று. கைப்பேசி கையில்தான் இருந்தது. அரண்மனை வைஃபையில் பெயர் பதிந்த கைப்பேசி எதுவாயினும், ஒரு முறை அழுத்தினால் தாதியர் அறையிலும் மன்னர் கைப்பேசியிலும் மணி ஒலித்து, அழைப்பவர் பெயரும் அங்கே தெரியும். அரசமாதா அழுத்தினார், விரல் மரத்துப்போகும்வரை அழுத்தினார். மணி ஒலிக்கவில்லை. ஈரத்தரையில் கிடந்தபடியே மகனின் பெயரைச் சொல்லிக் கூவினார். அவை முழக்கத்தில் அது எவர் செவியில் விழும்? விளக்கேற்ற வந்த பணிப்பெண் கண்டு அலறியிராவிட்டால், இன்று வேறோர் ஓலை எழுத நேர்ந்திருக்கும்.

கட்டிலில் கிடந்தபடியே அரசமாதா, தம் கைப்பேசிக்கு என்ன குறை என்று கண்டறியுமாறு ஓலைநாயகரையும் வலைக்காவலர் பொன்னன் சாத்தனையும் பணித்தார். முதலில் கைப்பேசியை அணைத்து எழுப்பினார்கள். பிறகு ரவுட்டரை அணைத்து எழுப்பினார்கள். அந்தச் சிறுபொழுதில் அந்தப்புரம் முழுவதும் கூக்குரலிட்டது. கைப்பேசி அரண்மனை வைஃபையை மறக்குமாறு செய்து, கடவுச்சொல் இட்டு மீண்டும் சேர்த்தார்கள். ஒவ்வொரு முறை சேரும்போதும் வேறொரு கைப்பேசி போல முகம் காட்டி ஏமாற்றும் வழக்கம் இக்காலக் கைப்பேசிகளுக்கு உண்டு என்பதால், அதையும் நிறுத்தினார்கள். பெயரின் நடுவே இடைவெளி இருப்பது ஆகாதோ என்று ஐயுற்று, அரசமாதாவின் திருப்பெயரை இடைவெளியின்றி நெருக்கி எழுதிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அரண்மனை வைஃபை அக்கைப்பேசிக்கு ஓர் இணைப்பு எண்ணைக் கொடுத்தது. பெயரை மட்டும் பதியவில்லை. பெயர் சொல்லித் தேடினால், அப்பெயருடையது இவ்வில்லத்தில் இல்லை என்றே விடை வந்தது.

அவ்விடையை அரசமாதா கண்ணாடி கேட்டு வாங்கி மறுபடியும் படித்தார். பின்பு, இவ்வில்லத்தில் யார் யார் பெயர்தான் இருக்கிறது என்று வினவினார். மறைக்க இயலவில்லை. மடைப்பள்ளிக் குளிர்பெட்டியின் பெயர் இருந்தது. மன்னரின் வேட்டைநாய் கருவாயன் அணியும் கழுத்துப்பட்டையின் பெயரும் இருந்தது. நாய்க்கு நல்வாழ்வு என்று மட்டும் சொல்லி, அரசமாதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இத்தனைக்கும் பொன்னன் சாத்தன் உடனிருந்தார், சொன்னதையெல்லாம் செய்தார், வாய் மட்டும் திறக்கவில்லை. அவர் நிமிர்ந்தே பாராததைக் கண்ட அரசமாதா, அதட்டாமல், காலையில் ஏதேனும் உண்டாயா அப்பா என்று கேட்டார். அவ்வளவுதான், அந்த மனிதர் கட்டிற்காலைப் பற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கைப்பேசியில் ஒரு குறையும் இல்லை என்றும், அதை இல்லத்தார் வைஃபையிலிருந்து நீக்கி விருந்தினர் வைஃபையில் சேர்க்குமாறு மன்னரே ஆணையிட்டார் என்றும், விருந்தினருக்கு எண் உண்டு, பெயர்ப்பதிவும் மணியும் இல்லை என்பதே அரண்மனை அமைப்பு என்றும், சொன்னால் தம் வேலை போகும் என அஞ்சியதாகவும் அவர் கூறினார். மன்னர் உரைத்த காரணத்தையும் கேட்டபோது கூறினார்: அவை நடுவே அம்மையாரின் மணி ஒலிக்கிறது, எடுத்தால், உண்டாயா என்கிறார், அயல்நாட்டுத் தூதர் எதிரே வெட்கமாக இருக்கிறது.

ஒரு நொடியில் மாற்றிவிடலாம் என்று ஓலைநாயகர் பதறினார். பொன்னன் சாத்தனின் கையும் நீண்டது. அரசமாதா தடுத்தார். மகன் அறிந்து நீக்கியதை அவன் அறியாமல் சேர்த்துக்கொள்வது திருட்டு என்றும், அவனே வந்து சேர்க்கட்டும் என்றும் கூறி, அரசவைக்கு ஆள் அனுப்பினார். மன்னர் பழக்கூடை அனுப்பினார். எலும்பு கூடும்வரை அரசமாதா வாயிலையே பார்த்திருந்தார். அரண்மனை மருத்துவர் வந்தார், மேலும் பழக்கூடைகள் வந்தன. மன்னர் வரவில்லை. இதை எழுதும்போது ஓலைநாயகரின் வயிறு எரிகிறது. அதற்குத் தண்டனை உண்டெனில் ஏற்கச் சித்தமாயிருக்கிறார்.

இனி அரசமாதாவின் ஆணை. வலைக்காவலரை எவரும் ஒறுத்தலாகாது. அவர் உப்பிட்டவர் சொல்லைக் கேட்டார், அவ்வளவே. அரசமாதா இன்று தம் தமையனார் ஊராகிய கூவலூருக்குப் பல்லக்கில் புறப்படுகிறார். மறித்தோ வருந்தியோ எவரும் பின்தொடர வேண்டா. அரசமுத்திரை இப்போது பட்டத்தரசியார் விரலில் இருப்பதால், அரசமாதாவின் பெருவிரற் பதிவே இவ்வோலைக்கு இலச்சினையாகக் கொள்ளப்படுக. ஓலையோடு பட்டில் பொதிந்து வரும் கைப்பேசியைப் பெற்றுக்கொள்க. அதற்கு வழங்கியிருந்த எண்ணை, அடுத்து வரும் விருந்தினருக்கு வழங்குக.