ஒன்பது கரிப்புள்ளிகள்

நாவலப்பிட்டி
29.08.2024

லோரன்ஸுக்கு,

டொரொன்டோவுக்கு நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். ஒரே கதிரையில் பதினான்கு மணி நேரம் இருந்ததில் முழங்கால் மடங்கவில்லை என்று இம்முறையும் எழுதுவாய். அதை எழுதுமுன் இதைப் படி.

நேற்று முன்தினம் சிவப்பி குஞ்சு பொரித்தது. ஏழு குஞ்சுகள். ஏழும் வெளிர்மஞ்சள்; ஏழின் கால்களிலும் விரல்வரை மயிர். பக்கத்து வீட்டுப் பாலாம்பிகை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, கோழிக் காலுக்கெல்லாம் மேஸ் போட்டு வுட்டிருக்கீங்க?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிவப்பியின் வழியில் இதுவரை காலில் மயிரோடு ஒரு குஞ்சும் பிறந்ததில்லை.

பேராதனையில் படித்த காலத்தில் தேயிலைத் தோட்டத்து வேலாயி அக்கா நமக்குக் கொடுத்த ஒரு சோடியிலிருந்து, முப்பத்து மூன்று வருடங்களாகக் கலப்பில்லாமல் நான் காத்து வந்த வழி அது. ஊசியும் வாங்கிய தீனும் அறியாமல், அடைமழையிலும் மரக்கிளையில் உறங்கும் கோழிகள். ஜூலையில் கடைசிச் சேவலைக் கீரி கொன்றபின், அந்த வழியில் மிஞ்சியவை சிவப்பியும் அது இட்ட ஒன்பது முட்டைகளும் மட்டுமே. ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு புள்ளி வைத்து அரிசிப் பானையில் நான் பத்திரப்படுத்தியதை நீ கண்ணால் பார்த்தாய்.

ஆகஸ்ட் ஆறாம் திகதி, அதே வழியில் ஒரு சேவல் தேடி அலவத்துகொடைக்கு, எப்போதோ என்னிடம் குஞ்சு வாங்கிய சாஹுல் ஹமீதின் வீட்டுக்குப் புறப்பட்டேன். "அடை நான் வைக்கிறேன், நீ கவலையில்லாம போய்ட்டு வா மச்சான்" என்றாய். வெறுங்கையோடு திரும்பி வந்து சிவப்பியின் சிறகை இலேசாகத் தூக்கிப் பார்த்தேன். ஒன்பது முட்டைகள், ஒன்பது புள்ளிகள். அடையிருக்கும் கோழியைக் கலைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அதற்குமேல் பார்க்கவில்லை.

என் முட்டைகள் எங்கே? ஒரு வரியில் பதில் போதும். தொலைபேசியில் அழைக்காதே. பேசினால், சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவேன்.

ராஜலிங்கம்


டொரொன்டோ
24.09.2024

அன்பு மச்சான் ராஜா,

ஒரு வரியில் பதில்: அவை என்னிடம் இருக்கின்றன.

கள்ளப் புள்ளி வைத்தது நான்தான். உன் அடுப்புக் கரிதான். இங்கிருந்து கொண்டுவந்த என் கோழி முட்டைகளைச் சிவப்பிக்கு வைத்துவிட்டு, உன்னுடையதை உடுக்கும் சாரத்தில் சுற்றிக் கைப்பையில் எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டாய். அடுத்த கீரி வந்தால் வழியே போய்விடும். அதை நினைக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலாயி அக்கா தந்த சோடியை ரயிலில் பேராதனைவரை மடியில் சுமந்தவன் நானல்லவா? எனக்கும் அதில் பங்கில்லையா?

கொழும்பிலிருந்து டோஹா, அங்கிருந்து இங்கே. பத்தொன்பது மணி நேரம் பையை மடியை விட்டு இறக்கவில்லை. இரண்டு மணிக்கொரு தடவை முட்டைகளைப் புரட்டினேன். பக்கத்துக் கதிரையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "தம்பி, மடியில என்ன, கைப்பிள்ளையே?" என்று கேட்டார். "ஓம் அம்மா, ஒன்பது" என்றேன். அவர் கதிரையின் அந்தப் பக்கமாக ஒதுங்கி இருந்துகொண்டார்.

குஞ்சு பொரிக்கும் மின்பெட்டியில் ஆறு பொரித்தன. இரண்டு சேவல் என்று நினைக்கிறேன். கோபம் ஆறியதும் எழுது.

உன் லோரன்ஸ்


நாவலப்பிட்டி
19.10.2024

திரு. லோரன்ஸ் அவர்களுக்கு,

கோபம் ஆறியதும் எழுதச் சொன்னாய். அதுவரை காத்திருந்தால் என் கையெழுத்தை நீ மறந்துவிடுவாய்.

சிவப்பி உன் குஞ்சுகளைத் தேயிலைச் சரிவுக்கு அழைத்துப் போகிறது. பருந்தின் நிழல் தரையில் விழுந்தவுடன் குரல் கொடுக்கிறது. வேலாயி வழிக் குஞ்சுகள் அந்தக் குரலுக்குச் செடிக்கடியில் மறைந்திருக்கும். இவை கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்க்கின்றன. ஏழில் மூன்று மிச்சம். சிவப்பி இன்னும் ஏழுக்கும் சேர்த்தே கூப்பிடுகிறது. நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன், சத்தம் கேட்கிறது.

நீ எடுத்துச் சென்றதைக்கூடப் பொறுப்பேன். என் புள்ளியை நீ வைத்ததை எப்படிப் பொறுப்பது?

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சிவப்பி மறுபடி அடைக்கு இருக்கும். அதற்குள் உன் பேடுகள் முட்டையிடத் தொடங்கியிருக்கும். ஒன்பது முட்டைகளை நீயே கொண்டுவந்து, உன் கையாலேயே வை. நாம் பழையபடி இருக்கலாம். வராவிட்டால் இல்லை.

ராஜலிங்கம்


டொரொன்டோ
11.03.2025

அன்பு மச்சான்,

பனிக்காலத்தில் உன் பிள்ளைகள் செய்ததைக் கேள். விளக்குப் போட்ட கூட்டை உதறிவிட்டு வேலிமரத்தில் ஏறிக்கொண்டன. வெளியே மைனஸ் பதினெட்டு. சேவலின் கொண்டை நுனி மட்டும் கறுத்தது. காலையில் பனியை உதறிவிட்டுக் கூவுகிறது. என் வளர்ப்புக் கோழிகளோ விளக்கடியிலும் நடுங்கின. போன கிழமை முதல் முட்டை.

ஆனால் முட்டை கொண்டுவர அங்கே அனுமதி வேண்டுமாம். மிருக வைத்தியரின் பத்திரம் வேண்டுமாம். ஆறு மாதமாவது ஆகுமாம். என் முழங்காலும் இன்னொரு பயணத்தைத் தாங்குமா தெரியாது. ஏப்ரல் 25க்கு ஓர் இருக்கை பதிந்து வைத்திருக்கிறேன். மனந்தான் ஒரு நிலையில் இல்லை. அடுத்த வருடம் வைத்தால் ஆகாதா?

உன் லோரன்ஸ்


நாவலப்பிட்டி
23.04.2025

அன்புள்ள லோரன்ஸ்,

கொண்டுபோனபோது அனுமதி கேட்டாயா? சுங்கத்திடம் அல்ல, என்னிடம்.

சிவப்பிக்கு வயது எட்டு. அடுத்த வருடம் என்பது அதனிடம் இல்லை. பத்தாம் திகதி வெறுங்கூட்டில் அடைக்கு உட்கார்ந்தது. எழுந்துவிடக் கூடாதென்று ஆற்றிலிருந்து ஒன்பது கூழாங்கற்கள் எடுத்துவந்து அடியில் வைத்தேன். வைக்குமுன், ஏனென்று தெரியவில்லை, ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு புள்ளி வைத்தேன். கள்ளப் புள்ளி வைக்க எனக்கும் கை வரும் என்று அன்றுதான் அறிந்தேன். இன்று பதின்மூன்றாம் நாள். கற்களைப் புரட்டிப் புரட்டிச் சூடாக்குகிறது. நான் ஒரு நாளில் பத்துத் தடவை போய்ப் பார்க்கிறேன்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினால், சாரதிக்குப் பின்னால் உள்ள கதிரையில் இரு. கால் நீட்ட இடமுண்டு. இதையும் எழுதிவிட்டேன், ஆனால் நீ புறப்படுமுன் இது உனக்குக் கிடைக்காது. உன் தபாற்பெட்டிக்கு வர இரண்டு கிழமையாகும்.

நீ வந்திருந்தால், இது நீ திரும்பும்வரை பெட்டியில் கிடக்கும். அப்போது பிரிக்காமல் எறிந்துவிடு. நீ வராமல், மே முதல் கிழமையிலேயே இது அங்கே உன் கையில் பிரிந்தால், சிவப்பியின் அடியிலிருந்த கற்களை நான் ஆற்றிலேயே போட்டுவிட்டேன் என்று அறிந்துகொள். அதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ராஜா