மசுமியின் இடது கை

கவாசாகி
9 நவம்பர் 1986

அன்புள்ள மசுமிக்கு,

அன்று ஒசாகா ஆட்டத்தில் உன் முகத்தருகே குனிந்தபோது "கோபமா?" என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு சொல். என் கூந்தல் விழுந்து நம் இருவர் முகத்தையும் மறைத்திருந்தது; கேட்டிருந்தாலும் உதடு அசைந்ததை யாரும் பார்த்திருக்க முடியாது. கேட்காமல் உன் இடது கையை மட்டும் அழுத்தினேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? தினமும் ஒரு பக்கம் படிக்க முடிகிறது என்று உன் அம்மா தொலைபேசியில் சொன்னார். வலது கையில் சாப்பாட்டுக் குச்சி இன்னும் நிற்கவில்லையாம். உங்கள் ஊர் அகிதாவில் பனி தொடங்கியிருக்கும். கழுத்தை மூடிக்கொள்.

விசாரித்ததற்கு உன் அம்மா எனக்கு நன்றி சொன்னார், மசுமி. "பதினாறு வயசுலேருந்து ஒரே அறையில கிடந்தவங்க நீங்க. உன்மேல எனக்கு என்னம்மா வருத்தம்? கால் வழுக்கினா யார் என்ன பண்ண முடியும்?" என்றார். கால் வழுக்கியது என்றுதான் நம் மல்யுத்தக் கம்பெனி பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறது. பொதுத் தொலைபேசியில் அடுத்த காசை நான் போடவில்லை. காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது. அவரிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

கம்பெனி என்னை வில்லிகள் கூட்டத்தில் சேர்த்து மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து உனக்கு வெள்ளைப் பேருந்து, எனக்குக் கறுப்புப் பேருந்து. ஒரே கடையில் நூடுல்ஸ் சாப்பிடக்கூடாது, ஒரே ரயில் நடைமேடையில் நிற்கக்கூடாது. ரசிகைகள் பார்த்துவிட்டால் பகை பொய்யாகிவிடும். நமக்கு மிச்சமிருந்தது மேடையை ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றுதான். லாரிக்கார நிஷிவாகியிடம் நான் புத்தகம் கொடுத்தனுப்புவேன். நீ படித்துவிட்டுத் திருப்புவாய். உள்ளே ஒரு கடிதம் இருக்கும். கறுப்புப் பேருந்தில் கடைசி இருக்கையில் நான் படித்துக்கொண்டிருந்தால் எங்கள் கூட்டத்து மூத்தவர் குராதா அக்கா என் மேடைப் பெயரைச் சொல்லிக் கத்துவார்: "ஏய் தேளு, கண்ணாடி போட்ட தேளை எவனாவது பார்த்திருக்கானா? மூடி வைடி அதை!"

ஒசாகாவுக்கு நான்கு நாள் முன்பு அந்தப் பெரிய ரஷ்ய நாவலைக் கொடுத்தனுப்பினேன். தோற்பவள் தலையை மேடையிலேயே மழிக்கும் ஆட்டம் அது; கம்பெனி முடிவுப்படி தோற்க வேண்டியவள் நான். மழித்த பிறகு மேடைக்குத் திரும்பப் போவதில்லை, மார்ச்சில் இருபத்தைந்து ஆகிறது, அந்த வயதில் எப்படியும் கம்பெனியிலிருந்து அனுப்பிவிடுவார்கள், நானே போய்விடுகிறேன், கோபப்படாதே என்று உள்ளே எழுதியிருந்தேன். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. அரங்கத்தின் பின்பக்க நடையில் என்னைப் பார்க்காமலே தாண்டிப் போனாய். வில்லியைப் பார்க்கக்கூடாது என்பது விதிதான். அன்று எனக்கு அது விதியாகத் தெரியவில்லை.

ஆட்டம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. பத்தாவது நிமிடத்தில் உன் நெற்றியைக் கிழித்தேன். அது நாம் பேசிக்கொண்டதுதான். நெற்றி ரத்தம் பார்க்கத்தான் பயங்கரம், ஆபத்து குறைவு என்று பயிற்சியிலேயே தெரியும். உன் வெள்ளை உடை கழுத்துவரை சிவந்தது. முதல் வரிசையில் பள்ளிக்கூடப் பெண்கள் அழுதார்கள். அரங்கம் முழுவதும் என்னைப் பார்த்து "வீட்டுக்குப் போ! வீட்டுக்குப் போ!" என்று கத்தியது. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு உன்னை மேடைக்கு வெளியே தள்ளினேன். விழும்போது உன் பின்னந்தலை இரும்புக் கம்பத்தில் பட்டது. அது நாம் பேசிக்கொள்ளாதது. சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது.

மேடைக்குள் இழுத்துவந்து குனிந்து, உன் கையை ஒரு முறை அழுத்தினேன். நீ திருப்பி அழுத்தினால் தொடரலாம். அழுத்தாவிட்டால் நடுவர் நெமோதோவைப் பார்க்க வேண்டும். அவர் தலைக்குமேல் கைகளைக் குறுக்கே வைப்பார், ஆட்டம் நின்றுவிடும். எட்டு வருடத்தில் நீ பதில் தராமல் இருந்ததில்லை.

உன் கை சும்மா கிடந்தது.

இன்னும் கோபம், வேண்டுமென்றே அழுத்தமாட்டேன் என்கிறாய் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. இன்னொரு முறை அழுத்தவில்லை, காத்திருக்கவில்லை. உன்னைத் தலைகீழாகத் தூக்கி இறக்கினேன். உன் கழுத்து என் தொடைகளுக்கு நடுவே துணிபோல இருந்தது பாதி வழியில்தான் தெரிந்தது. அதற்குள் இறக்கிவிட்டேன்.

நெமோதோ கைகளைக் குறுக்கே உயர்த்தினார். உன்னைத் தூக்கிப்போனார்கள். நான் கயிற்றின்மேல் ஏறிச் சங்கிலியைத் தூக்கிக்காட்டிச் சிரித்தேன். அதுதான் என் வேலை.

மறுநாள் காலை நிஷிவாகி பேருந்துக்கே வந்து ஜன்னலைத் தட்டினார். கையில் அந்த நாவல். "மன்னிச்சுக்கம்மா, இருக்கைக்கு அடியில விழுந்து கிடந்துச்சு. குடுக்கவே மறந்துட்டேன்." உறை ஒட்டியபடியே இருந்தது. உனக்குக் கோபமே இருந்திருக்கவில்லை. கோபப்பட உனக்கு எதுவுமே தெரியாது. நிஷிவாகியை நீ எதுவும் சொல்லிவிடாதே. அவர் மறந்தது ஒரு புத்தகத்தைத்தான்.

அந்தக் கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இதை உன் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் காட்டு. நன்றி சொன்ன அந்தக் குரலோடு என்னால் இருக்க முடியவில்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம். வலது கைக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. முதலில் குச்சியைப் பிடி, பிறகு பேனாவைப் பிடி. நன்றாகச் சாப்பிடு. நீண்ட நாள் இரு.

உன்
சிஹாரு

பி.கு.: ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் கம்பெனி விடுதிக் குளியலறையில் தலையை மழித்துக்கொண்டேன். குராதா அக்கா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்: "பைத்தியமாடி உனக்கு? ஜெயிச்சவ மொட்டை அடிச்சா டிக்கெட் வாங்கினவன் என்னடி நினைப்பான்?" பிறகு அவரே காதுக்குப் பின்னால் விட்டுப்போனதைச் சரிசெய்துவிட்டார். அன்றே ரயிலேறி ஒசாகா மருத்துவமனைக்குப் போனேன். உன்னைப் பார்க்கப் போகக்கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். மொட்டைத் தலையில் தேளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. செவிலிப் பெண் என்னைச் சாவுச் சடங்குக்கு வந்த புத்த மடத்துத் துறவி என்று நினைத்துப் பயந்துபோனாள். "அம்மா, இங்க இன்னும் அதுக்கெல்லாம் அவசியம் வரலீங்களே" என்றாள். தோழி என்றேன். உள்ளே விட்டாள். நீ கண் மூடியிருந்தாய். உன் இடது கையை ஒரு முறை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஏழு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்தது.