துண்டுக்குள் சொன்ன விலை

அப்பா,

நேற்று அலுவலகத் தோழியின் கல்யாணப் புடவைக்காகப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்குப் போயிருந்தேன். அரக்கு நிறச் சேலையை விரித்துக் காட்டிய கடைக்காரர் விலையை வாயால் சொல்லவில்லை. கால்குலேட்டரில் தட்டி எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அருகில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியக் கூடாதாம். தோழி சிரித்தாள். நான் உங்கள் உள்ளங்கையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டுச் சந்தையில் நீங்கள் தரகர். துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே விலை பேசுவீர்கள். ஒரு விரல் ஒன்று, முழுக் கை ஐந்து. நூறா ஆயிரமா என்பது மட்டும்தான் வாய்ப்பேச்சு. அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தீர்கள், அம்மாவுக்காக. முன்பு தென்னேரியில் குடியிருந்தபோது கடன்காரர் ஒருவர் பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போனதிலிருந்து, ஒரு தொகையைக் காதால் கேட்டாலே அவளுக்குச் சோறு இறங்காது என்பீர்கள். அதனால் செவிலிமேட்டு வீட்டின் வாடகை, என் கல்லூரிக் கட்டணம், என் முதல் சம்பளம் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்த கையோடு துண்டுக்குள்ளேயே பேசினோம்.

“சந்தையில வித்தது போதாதுன்னு வூட்லயும் யாவாரமா? யார விக்கிறீங்க, என்னையா?” என்பாள் அம்மா.

“உனக்குச் சுழி சரியில்ல. எவன் வாங்குவான்?” என்பீர்கள், மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல. அவள் கரண்டியை எடுப்பாள். மூவரும் சிரிப்போம்.

அம்மாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்று அப்போது ஒரு பெருமை இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதய அறுவை சிகிச்சை செய்தால் சில வருடங்களாவது நன்றாக இருப்பீர்கள் என்று டாக்டர் சொன்ன மதியம், அம்மா தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தாள். காப்பீடு போக நம் கையிலிருந்து ஐந்து லட்சம் வேண்டியிருந்தது. “லட்சத்துலயா?” என்று கேட்டு, போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினீர்கள். நான் இரண்டு விரலைப் பிடித்தேன். எதிராளி தானே விலையை மாற்றட்டும் என்று தரகர்கள் காத்திருப்பார்களே, அப்படிக் காத்திருந்தீர்கள். நான் மாற்றவில்லை.

“கை வேர்க்குதும்மா. வேர்த்த கை நெஜ வெல சொல்லாது” என்றீர்கள்.

அப்புறம் நானே உங்கள் முழுக் கையையும் பிடித்தேன்.

அம்மாவின் பெயரில் தென்னேரியில் இருந்த நிலம் நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். “அவ அப்பன் குடுத்தது. அவளுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அவகிட்ட இதப் பேசவே கூடாது. வூட்டுக்குப் போலாம்மா.”

இரண்டு நாள் உங்களோடு வாதாடினேன். வங்கிக் கடன், மாதத் தவணை, வட்டி விகிதம். படித்த பெண்ணாக எல்லாவற்றையும் கணக்காகவே பேசினேன். நீங்கள் எனக்கு வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேரம் முடிந்திருக்குமோ என்னவோ. அம்மாவிடம், ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரையே போதும் என்றோம். அவள் நம்பினாள். நான்கு மாதம் இருந்தீர்கள்.

போன ஆடி மாதம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்த மருத்துவமனைத் தாள் அம்மா கையில் கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பாள், தெரியும்தானே. தாளை என் முன்னால் வைத்து, “எவ்ளோ கேட்டாங்க?” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை.

“அஞ்சு லட்சம்.”

அவள் அழவில்லை. சோறு இறங்காமலும் போகவில்லை. அன்று முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னாள்.

“நெலம் என்னுது. அவரும் என்னோட ஆளு. நீங்க ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்த கேக்கலையே.”

அவள் பயப்படுவாள் என்று எந்த வருடத்திலோ முடிவு செய்தோம், அப்பா. பயம் எப்போது போனதென்று நாம் பார்க்கவில்லை. கடன்காரருக்கு அன்று பதில் சொல்லி அனுப்பியவளே அவள்தானாம். பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. கோபமும் இல்லை. எனக்குச் சோறு போடுகிறாள், மழை வந்தால் என் துணியை எடுத்து வைக்கிறாள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இவ்வளவு அமைதி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

சம்பளம் வருகிற நாளில் அடுக்களை வாசலில் நின்று தொகையை வாய்விட்டுச் சொல்கிறேன். வாடகைக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதையும். “ம்” என்கிறாள், திரும்பாமல். அவ்வளவுதான். அடுத்த மாதமும் சொல்வேன்.