சிவப்புப் பெடலா, கறுப்பா?

சனிக்கிழமை, இரவு

தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் எங்கள் பேண்டுக்கு முதல் மேடை. பாலக்கரைக் கடைக்காரர் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் இரண்டையும் கொடுத்து, "வீட்ல வாசிச்சுப் பாத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் கொடுங்க" என்றார்.

சாயங்காலம் கிட்டாரைச் சிவப்புப் பெடலில் மாட்டித் தோடி வாசித்தேன். கமகமெல்லாம் இரைச்சலில் கரைந்துபோனது. "மிக்ஸியில என்னடி போட்டிருக்கே?" என்றாள் அம்மா, கூடத்திலிருந்து.

கறுப்பில் அதே தோடி. ஸ்வரம் அறுபடாமல் நீண்டது, வளைத்த இடமெல்லாம் வளைந்தது. அம்மா தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினாள். "நாயனம் கேக்கறதே, பெருமாள் எழுந்தருளிட்டாரா?"

சித்திரை வீதியில் ஒரு ஆட்டோதான் நின்றது. அம்மா திரும்பி, இன்னும் கம்பியை விடாத என்னைப் பார்த்தாள். பெருமாளுக்காகக் குவித்த அவள் கை அப்படியே இருந்தது.

கறுப்புதான்!