மிச்ச மாத்திரை

ஆடி, ஞாயிறு. வல்லத்திராக்கோட்டை.

மலேசியாவிலிருந்து மருத்துவ முகாமுக்கு இது என் இரண்டாவது வருகை. போன வருடம் கருப்பையாவுக்கு ரத்த அழுத்தம் என்று ஆறு மாத மாத்திரை கொடுத்தேன். இன்று அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது.

"மாத்திரை தினமும் கொடுத்தீங்களா?"

"வெளிநாட்டு மாத்திரை, வீணாக்கிடாதீங்கன்னு சொன்னீங்கள்ல டாக்டரம்மா. தலவலி வந்த அன்னிக்கி மட்டுந்தான் குடுத்தேன்."

மிச்ச அட்டைகளை மேசையில் வைத்தார். "வேற யாருக்காச்சும் குடுங்க."

தினமும் ஒன்று என்று ஒருமுறைதான் சொன்னேன். வீணாக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

போகும்போது கருப்பையா இடக்கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டார்.

நாளை ஆலங்குடியில் முகாம். அங்கும் போன வருடம் எல்லோரிடமும் இதையேதான் சொன்னேன்.