உப்புச் சாக்கு போர்த்திய வண்டி

என் உயிரினும் இனிய அண்ணா! இக்கடிதத்தை உடன்நின்று கேட்கும் தூத்துக்குடி ஓட்டுநர்களே! ஓர் அநீதியைச் சொல்ல வந்தேன். உயிருள்ள வண்டியைப் பிணமென்று தீர்ப்பளித்தார்கள்.

நீங்கள் விட்டுச்சென்ற வாடகை வண்டி ஒன்றே மதினிக்குச் சோறு. உங்களுக்குப் பின் நான்தான் ஓட்டுகிறேன். மேடையில் முழங்குகிறவனுக்கு இதெல்லாம் ஏன் என்று சிரிக்கிறீர்களா? மார்கழி பிறந்ததும் விடியல்தோறும் அது கிளம்ப மறுத்தது; வெயில் ஏறிய பிறகே ஓடியது. புதுத் துறைமுகத்துச் சவாரிகள் ஒவ்வொன்றாய்க் கைவிட்டுப் போயின. மதினி மனமுடைந்து, பழைய இரும்பு வணிகரை வரச் சொல்லிவிட்டார்.

இன்று காலை அவர் வண்டியை இழுத்துச்செல்ல மாடுகளும் கயிறுமாக வந்து நின்றார். நானோ போர்த்தியிருந்த சாக்கை எடுத்து வீசிவிட்டு, இயந்திரத்தின் மேல் குனிந்திருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, மைக் புடிச்சுப் பேசித்தான் ஸ்டார்ட் பண்ணப் போறியளோ?" என்றார் வணிகர்.

"பொறும்வே. கைதட்ட ஒரு ஆள் வேணும்லா?"

விளக்கு பளிச்சென்று எரிந்தது, பேட்டரி குற்றவாளியன்று. பெட்ரோல் மணம் மூக்கில் ஏறியது, அதுவும் குற்றவாளியன்று. பிளக்கின் கம்பியை இரும்பருகே பிடித்து, மதினியைச் சாவி திருப்பச் சொன்னேன். பொறி இல்லை! ஆனால் நண்பகலில் இதே வண்டி ஓடுகிறதே, எப்படி? வெயில் எதை உலர்த்துகிறது?

பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே முத்து முத்தாய் ஈரம். அப்போதுதான் வீசியெறிந்த சாக்கு என் கண்ணில் பட்டது. ஆறுமுகநேரி உப்பளத்துச் சாக்கு, அண்ணா! மார்கழிப் பனி படக்கூடாதென்று நானே போர்த்தியது. அதிலிருந்த உப்பு கடற்காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்து, இயந்திரத்தின் மேல் வடித்திருக்கிறது. குற்றவாளி நான்!

மதினி தலையில் அடித்துக்கொண்டார். "உப்புச் சாக்குல வத்தலக் கட்டுனா நமுத்துப் போவும்னு எனக்கே தெரியும். நீரு இஞ்சினையே கட்டி வச்சிருக்கீரே தம்பி!"

மூடியைத் துடைத்து, தம் அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்தித் தந்தவரும் அவரே. நான் கம்பிகளைத் துடைத்து மாட்டிச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே முழங்கியது, அண்ணா! என் எந்த மேடையும் அப்படி முழங்கியதில்லை. மாடுகள் மிரண்டு வணிகரைத் தெருமுனைவரை இழுத்தோடின.

"அணைச்சுத் தொலையும் அண்ணாச்சி! எனக்கு உம்ம வண்டியே வேண்டாம்!"

முதல் சவாரியாக மதினியை ஏற்றிக்கொண்டு உங்கள் கல்லறை வாசலுக்கு வந்தேன். அந்த ஒலி உங்களுக்குக் கேட்டதா?

ஓட்டுநர்களே! உங்கள் இயந்திரத்தின் மேலும் உப்புச் சாக்கு கிடக்கிறதா? நாளையல்ல, இப்போதே எழுந்து சென்று எடுத்தெறியுங்கள்! அண்ணா, இனி மதினியின் வாசலில் எவரும் கயிறு கொண்டு நிற்க விடமாட்டேன்.

கையெல்லாம் கரியோடு,
உங்கள் பின்பிறந்தவன்.